ஐந்தாம் மேசைக்காரி

அவளை நான் முதலில் அறிந்தது வெறும் குரலாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நான் ஒருத்திதான். கையில் என் சிறுகதையின் மூன்று ஜெராக்ஸ் பிரதிகள். மணிப்படம் போட்ட பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பொத்தான்களுக்கு மேலே இருந்த சின்னத் துளைகள் வழியாக ஒரு பெண் பேசினாள்.

"வணக்கம் மேடம். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் மட்டும்தான்."

"மூச்சு விட சிரமமா இருக்கா? நெஞ்சு வலி, தலைசுத்தல் ஏதாவது?"

"எரிச்சலா இருக்கு."

"அதுக்கு எங்க படிவத்துல கட்டம் இல்ல மேடம்" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்பது தெரிந்தது. "மெக்கானிக் கிளம்பிட்டார். முப்பது முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். கதவ நீங்களா இழுக்காதீங்க. நான் லைன்லயேதான் இருப்பேன்."

உள்ளே இருப்பவர் பயந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலையில் ஒரு பகுதி. அதனால் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். நாலாவது மாடியில் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது, ஞாயிறன்று அதன் வகுப்பறையில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம், எழுதிய கதைகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவோம் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்து "ஹலோ" என்றேன்.

"இருக்கேன் மேடம். உங்க கதையை எனக்குப் படிச்சுக் காட்டுவீங்களா? நேரம்தான் இருக்கே."

படித்தேன். லிஃப்டின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆறு பக்கத்தையும் படித்தேன். நடுவில் இரண்டு தடவை "ம்" கொட்டினாள். முடிந்ததும் ஒரு கேள்விதான் கேட்டாள். "மாமியார் ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு ஆரம்பத்துல சொன்னீங்க. அப்புறம் அவங்களே வந்து கதவத் திறக்கறாங்களே, எப்ப டிஸ்சார்ஜ் ஆனாங்க?"

அந்தக் கதையை நான் எட்டு முறை திருத்தியிருந்தேன். எட்டு முறையும் அது என் கண்ணில் படவில்லை.

மேலே மெக்கானிக்கின் தட்டல் கேட்டபோது அவள் அவசரமாகச் சொன்னாள்: "நானும் எழுதுவேன் மேடம்." நானும் அதே அவசரத்தில், "நாலாவது மாடி, ஞாயித்துக்கிழமை, பத்தரை மணி" என்றேன். அழைத்தவர்களின் எண்ணைக் குறித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் விதி. நேரத்தையும் மாடியையும் காதில் வாங்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

அடுத்த மூன்று ஞாயிறும் அவள் வரவில்லை. நாலாவது ஞாயிறு வந்தாள், படியேறி. முப்பத்தொன்பது வயது, ஒல்லியான உடம்பு, காதுக்கு மேலே ஹெட்போன் அழுத்தி அழுத்தி முடியில் நிரந்தரமாக ஒரு பள்ளம். வேலை செய்யும் இடத்தில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்றாள். மேசை எண்தான். அவள் ஐந்தாம் மேசை. நாங்களும் "அஞ்சு" என்று கூப்பிடத் தொடங்கினோம். அது நன்றாக ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் முதல் இரண்டு மாதமும் எங்கள் முன்னால் வாய் திறக்கவே அஞ்சிக்கொண்டுதான் இருந்தாள்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் கையெழுத்தைப் படித்துப் படித்து, எந்தக் கிறுக்கலுக்கும் பொருள் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. இரண்டாவது ஆள் தையல்காரர். பேய்க்கதைகள் எழுதுவார், ஆனால் தன் கடைக்குப் பின்னால் இருக்கும் துணி அறைக்குத் தனியாகப் போகமாட்டார். டிரைவிங் ஸ்கூல் அவருடைய மச்சானுடையது. அதனால்தான் எங்களுக்கு அந்த அறை. சுவரெல்லாம் சாலைக் குறியீட்டுப் படங்கள், மேசை மேல் பாதியாக வெட்டிவைத்த ஒரு எஞ்சின். மூன்றாவது ஆள் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் பெண், இருபத்தொன்பது வயது. குளத்தின் மறுகரைக்குக் கேட்கிற மாதிரி பேசியே பழகியவள். ஒரு ராஜாவைப் பற்றிப் பெரிய நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். நாலு வருடமாகியும் ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் ஆகவில்லை.

அஞ்சு எங்களிடம் வருவதற்கு முன் வேறு இரண்டு இடங்களைப் பார்த்திருந்தாள். ஒன்று, ஒரு நூலகத்தின் மாடியில் நடந்த இலக்கியக் கூட்டம். அவள் உட்கார்ந்ததுமே பக்கத்தில் இருந்தவர், "நீங்க யார் யாரைப் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்லாமல், தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னொன்று, போனில் ஒரு குழு. "கதையைப் போட்ட ரெண்டு நிமிஷத்துல முப்பத்தெட்டு பேர் 'அருமை'ன்னு போட்டாங்க. கதையைப் படிக்கவே ஏழு நிமிஷம் ஆகும்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பழுதைப் பதிவுசெய்கிற மாதிரிதான் சொன்னாள்.

எங்களிடம் முதலில் கொண்டுவந்த கதையில் பெரிய பங்களா இருந்தது, மழை இருந்தது, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவன் இருந்தான். வாக்கியங்கள் சுத்தமாக இருந்தன. தையல்காரர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையல் நேரா இருக்கும்மா. ஆனா யாருக்கு அளவெடுத்தீங்கன்னுதான் தெரியல."

அவள் முகம் சுருங்கிவிட்டது. நீச்சல்காரி விடவில்லை. "பங்களால நீ இருந்திருக்கியா? நீ தினம் எட்டு மணி நேரம் ஊர்ல மாட்டிக்கிட்டவங்க கூட எல்லாம் பேசற. அதுல கதை இல்லையா?"

"அதெல்லாம் அவங்களோடது" என்றாள் அஞ்சு. "வேலைல சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். லைன்ல கேட்டத வெளிய சொல்ல மாட்டேன்னு."

லிஃப்ட் நிறுவனத்தில் தான் உட்காரும் கட்டுப்பாட்டு அறையை அப்போதுதான் விவரித்தாள். ஜன்னல் இல்லாத ஹால், ஒன்பது மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு திரை, ஒரு ஹெட்போன், பென்சிலால் நிரப்பும் படிவக் கட்டு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டும் என்பது சட்டம். பதினான்கு வருடமாக அங்கே இருக்கிறாள். மூடிய பெட்டிக்குள் தனியாக இருக்கும் மனிதர்கள், முகம் தெரியாத ஒருத்தியிடம் என்னவெல்லாமோ பேசுகிறார்கள். அவள் கேட்டுவிட்டு, கட்டங்களில் டிக் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பங்களாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள்.

ஏழெட்டு மாதம் இப்படியே போனது. அதற்குள் அவள் எங்களில் ஒருத்தி ஆகிவிட்டாள். எங்கள் கதைகளில் நேரம் இடிப்பதையும், ஒரு ஆள் மறந்துபோய் இரண்டு முறை சாப்பிடுவதையும் அவள்தான் கண்டுபிடிப்பாள். தன் கதையை மட்டும் தானே நம்பாமல் கொண்டுவருவாள்.

பிறகு ஒரு வாரம் வேறு மாதிரி ஒரு கதையோடு வந்தாள். ஒரு ஆள் மருத்துவப் பரிசோதனைக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வருகிறார். கையில் உறை. அவருடைய கட்டடத்தின் லிஃப்டிலேயே மாட்டிக்கொள்கிறார். நாற்பத்தேழு நிமிடம். மேலே வீட்டில் மனைவி காத்திருக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், லைனில் இருக்கும் பெண்ணையே மனைவியாக வைத்துச் சொல்லிப் பார்க்கிறார். முதல் தடவை "ஒண்ணும் பெருசா இல்லம்மா" என்று ஆரம்பிக்கிறார். அது சரியில்லை என்று அவரே நிறுத்துகிறார். இரண்டாவது தடவை உறையில் இருப்பதை அப்படியே சொல்கிறார். மூன்றாவது தடவை தோசைக்கல் வாங்கின நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்து, விஷயத்துக்கே வரவில்லை. நாலாவது தடவை சொல்லி முடிப்பதற்குள் மெக்கானிக் கதவைத் திறந்துவிடுகிறார். லைன் அறுபடுகிறது.

நீச்சல்காரியின் குரல்கூட இறங்கிவிட்டது. "இத இன்னைக்கே பத்திரிகைக்கு அனுப்பு" என்றாள்.

அனுப்பினாள். மூன்றே வாரத்தில் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அதுவரை ஏழு கதைகள் அனுப்பி, ஒன்றுக்கும் 'கிடைத்தது' என்றுகூட பதில் வராதவள் அவள். அந்தக் கடிதத்தோடு வந்தவள் சந்தோஷமாக இல்லை.

"இது நடந்ததுதான்" என்றாள். "அப்படியே நடந்தது. அந்த வீட்டம்மா இதப் படிச்சா?"

"ஊரை மாத்து, தோசைக்கல்ல குக்கரா மாத்து, முடிஞ்சுது" என்றாள் நீச்சல்காரி. "கதைன்னா எல்லாம் எங்கிருந்தோ வந்ததுதானே?"

தையல்காரர் தெரியவில்லை என்று தலையாட்டினார். அப்போது நான் பேசினேன். நம்பிக்கையோடு சொன்ன வார்த்தை, மூடிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு வேறு வழியில்லாமல் சொன்ன வார்த்தை, அதை நாம் எடுக்கக் கூடாது என்றேன். நீளமாகப் பேசினேன். நன்றாகவும் பேசினேன் என்று நினைக்கிறேன். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும், எனக்குள் பாதி பொறாமை. பதினொரு வருடம் எழுதியும் அப்படி ஒரு கதை எனக்கு வாய்க்கவில்லை. அந்தக் கதை அச்சில் வராமல் போனால் நன்றாக இருக்கும் என்று என்னில் ஒரு பகுதி நினைத்தது. இதை இங்கே எழுதாமல் விட்டால் அவளைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை.

அடுத்த நாள் அவள் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து கதையைத் திரும்பக் கேட்டாள். அச்சுக்குப் பக்கம் கட்டியாகிவிட்டது என்று அவர் கத்தியிருக்கிறார். கடைசியில் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு புத்தக மதிப்புரையைப் போட்டார். இனிமேல் இந்தப் பக்கம் வராதீர்கள் என்றும் சொல்லிவிட்டார்.

நீச்சல்காரிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "உங்க எல்லாருக்கும் நல்லவங்கன்னு பேர் எடுக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு இரண்டு ஞாயிறு வரவில்லை. அஞ்சுவும் எதுவும் எழுதவில்லை. வருவாள், எங்கள் கதையைக் கேட்பாள், போய்விடுவாள். எழுதுவதையே விட்டுவிடுவாளோ என்று எனக்குக் குற்ற உணர்ச்சி பிடித்து ஆட்டியது.

மூன்றாவது ஞாயிறு நீச்சல்காரி வந்தாள், கையில் மன்னிப்பு எதுவும் இல்லாமல். வந்ததும் பையைத் தொப்பென்று எஞ்சின் மேல் வைத்தாள்.

"ரெண்டு வாரமா யோசிச்சேன். அந்த ஆள் பேசினது அவரோடது. சரி, ஒத்துக்கறேன். அந்த நாப்பத்தேழு நிமிஷம் நீ அந்தப் பக்கம் உக்காந்திருந்தியே, அது யாரோடது?"

அஞ்சு அவளையே பார்த்தாள்.

"அந்தக் கதைல லைன்ல இருக்கற பொம்பள சுவர் மாதிரி இருக்கா. 'ம்' கொட்டறா, அவ்வளவுதான். அவளுக்கு வீடு இல்லையா? அவ யார்கிட்டயாவது எதையாவது சொல்லாம வச்சிருக்கலையா?"

"எங்க வீட்ல என்ன இருக்கு?" என்றாள் அஞ்சு. அன்று எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிட்டாள்.

அவள் வீட்டில் இருந்தது இதுதான். கணவர் டைல்ஸ் ஒட்டும் வேலை. இருபது வருடம் முட்டி போட்டே வேலை செய்ததில் ஒரு முட்டி போய்விட்டது. இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறார். சமைப்பார், பத்தாவது படிக்கும் மகளைப் பள்ளிக்கு அனுப்புவார், ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார். பேச்சு குறைந்துவிட்டது. அஞ்சு நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வருவாள். வீட்டுக்குள் நுழையும்போது அவள் தொண்டையில் ஒரு வார்த்தையும் மிச்சம் இருக்காது. அவரும் பேசமாட்டார், இவளும் பேசமாட்டாள். மகள் போனில் பேசும் சத்தம் மட்டும் கேட்கும்.

இதை லைனில் இருக்கும் பெண்ணின் கதையாக, லிஃப்டில் மாட்டிக்கொண்டவரை மட்டும் கற்பனையாக வைத்து, அவள் எழுத ஆறு வாரம் ஆனது. எங்களிடம் படிப்பதற்கு முன் கணவரிடம் படித்துக் காட்டினாள். மறுபடியும் ஒருவரைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று முடிவெடுத்திருந்தாள். அந்தக் காட்சியை அவள் பின்னால் எங்களிடம் நடித்தே காட்டினாள்.

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் கேட்டார். கத்தியைக் கீழே வைத்தார்.

"வலது முட்டின்னு எழுதியிருக்க."

"ஆமா."

"இடது முட்டி."

அவள் தாளைப் பார்த்தாள், அவர் முட்டியைப் பார்த்தாள். இரண்டு வருடம்.

"அப்புறம், நான் பேசறதில்லன்னு எழுதியிருக்க. சரிதான், பேசறதில்ல. ஆனா நீயும் கேக்கலையே. வேலைக்குப் போனா, முன்ன பின்ன தெரியாதவங்கள ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ விசாரிக்கற."

"அது சட்டம்ங்க" என்றாளாம்.

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை, அழுதாள். வெங்காயம் என்று மகளிடம் சொல்லிச் சமாளித்தார்கள்.

முட்டியைத் திருத்தினாள். அவர் சொன்ன இரண்டாவது விஷயத்தை, அவரிடம் கேட்டுவிட்டு, அப்படியே கதையில் சேர்த்தாள். அதுவரை அந்தக் கதையில் தவறெல்லாம் கணவன் பக்கமே இருந்தது. அந்த நாலு வரி வந்தபிறகுதான் அது இரண்டு பேருடைய கதை ஆயிற்று. வேறொரு பத்திரிகைக்கு அனுப்பினோம். "அனுப்பினோம்" என்றுதான் சொல்வேன், ஏனென்றால் தையல்காரர் ஒற்றுப்பிழை பார்த்தார், நான் தட்டச்சு செய்தேன், நீச்சல்காரி ஆசிரியருக்கு மூன்று முறை போன் செய்து கதை வந்து சேர்ந்ததா என்று கத்தினாள். நாலு மாதம் கழித்து வெளிவந்தது.

உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. இரண்டு வாசகர் கடிதம் வந்தது. ஒருவர் புகழ்ந்திருந்தார், இன்னொருவர் லிஃப்ட் நிறுவனத்தின் மேல் புகார் எழுதியிருந்தார். வேலை இடத்தில் யாரோ இதழை மேற்பார்வையாளரிடம் காட்டிவிட்டார்கள். அவர் அழைத்தபோது வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு போனாள். அவர் கதையைப் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.

"இதுல எங்க வாடிக்கையாளர் யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார். எல்லாம் நானும் எங்க வீட்டுக்காரரும்தான்."

"நல்லது. ஆனா மூணாவது பக்கத்துல அந்தம்மா அஞ்சு நிமிஷம் லைன்ல பேசாம இருக்காங்க. அது விதிமீறல். கதைன்னாலும் படிக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

இதை எங்களிடம் சொல்லும்போது அவள் சிரித்த மாதிரி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

ஒரு நாள் கூட்டம் முடிந்து நாங்கள் இருவரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பழைய விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உறையோடு வந்த மனிதரின் கதை வெளிவரக் கூடாது என்று நான் பேசியதில் பாதி பொறாமை என்று.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"பதினாலு வருஷமா குரல்தானே கேக்கறேன். மூச்சு முட்டறவங்க வேற மாதிரி பேசுவாங்க, முட்டுதுன்னு சும்மா சொல்றவங்க வேற மாதிரி பேசுவாங்க." ஒரு நாற்காலியை ஏற்றிவைத்தாள். "ஆனா நீங்க சொன்னதும் சரிதான். ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கக் கூடாதா என்ன?"

அந்த மனிதர் மனைவியிடம் எப்படிச் சொன்னார் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அந்தக் கதையின் பிரதி எங்கள் யாரிடமும் இல்லை. என்னிடம் இருந்ததை நானே அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். கிழித்தாளா வைத்திருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. அதன் சுருக்கத்தை இங்கே எழுதலாமா என்று மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

இப்போது அவளிடம் பதினொரு கதைகள் இருக்கின்றன. ஆறு அச்சில் வந்திருக்கின்றன. கதைக்கு விஷயம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டால், முன்பு போல் விழிப்பதில்லை. "எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருக்கறத யாராவது ஒருத்தர்கிட்ட கேட்டுப் பாப்பேன். பாதி தப்பா இருக்கும். அந்தத் தப்புலேர்ந்து ஆரம்பிப்பேன்" என்பாள். மகளிடம் பள்ளி வேன் பற்றிக் கேட்டு ஒன்று எழுதினாள். தையல்காரரிடம் அவருக்கு ஏன் துணி அறை என்றால் பயம் என்று கேட்டு, அவர் அனுமதியோடு ஒன்று எழுதினாள். அவருடைய பேய்க்கதைகள் எல்லாவற்றையும்விட அது பயமாக இருந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த மாதம் அவள் எழுதிக்கொண்டிருப்பது ஒரு பெரிய வீட்டுக்குத் தரை போடும் இரண்டு பேரின் கதை. கணவர் அதில் முழுசாக இறங்கிவிட்டார். அவளுடைய தாள்களின் ஓரத்தில் அறையின் வரைபடம் போட்டு, எந்த மூலையிலிருந்து டைல்ஸ் ஒட்ட ஆரம்பிக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் கொடுக்கிறார். கதையின் ஆள் வாசலிலிருந்து ஆரம்பித்து உள்ளே போகிறானாம். அப்படி ஒட்டினால் முடிக்கும்போது வெளியே வர வழியிருக்காது என்று சண்டை. அவளுக்கோ அந்த ஆள் உள்ளே மாட்டிக்கொள்வதுதான் வேண்டும். "தெரிஞ்ச வேலைக்காரன் அப்படிச் செய்ய மாட்டான், வேணும்னா புதுசா வந்தவனா மாத்து" என்கிறார் அவர். போன ஞாயிறு இந்த வழக்கு எங்களிடம் வந்தது. தையல்காரர் கணவர் பக்கம், நீச்சல்காரி அஞ்சு பக்கம். நான் எந்தப் பக்கம் என்று இன்னும் சொல்லவில்லை. கதையை இன்னொரு தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று தாள்களை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.